ஷாரோனின் சாட்சி

உத்திரமேரூர்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெகனுக்கு,

யாரோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாதென்று உன் சபையார் உனக்குச் சொல்லியிருக்கிறார்களோ, அந்த சுகிர்தா அக்காதான் எழுதுகிறேன். ஸ்தோத்திரம். நீ அந்த வெயில் தேசத்தில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறோம். உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஜெபிப்போம். என் நம்பரை நீ தடுத்து வைத்த மாதிரி இதைத் தடுத்து வைக்க முடியாது.

இந்தக் காகிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குக் கிழித்துப் போடத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. உன் கம்பெனியில் வேலை செய்கிற பெருநகர் ஆல்வின் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறான். வெள்ளிக்கிழமை கேம்ப்புக்கு வந்து உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். போன வாரம் அவன் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். தம்பி என்று நான் வாயெடுத்ததும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லையாம். ஆல்வின் வாயால் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் இது புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்க வேண்டிய விஷயம். வரிசையாகக் கட்டில் போட்ட ரூமில் நாலு பேர் வாயில் விழக் கூடாது. அதனால் கவரைப் பசை போட்டு ஒட்டித்தான் கொடுக்கப் போகிறேன்.

ஊர்ச் சங்கதி சொல்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. நம் காலனிக்குப் பின்னால் இருக்கிற ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போகிறது. நீ தூண்டில் போடுவாயே, அந்த மதகுப் பக்கம் போன வாரம் எருமைக்கன்று ஒன்று இறங்கி அப்படியே மூழ்கிப் போய்விட்டது. சம்பா நடவு முடிந்து கழனி வேலை குறைந்துவிட்டதால் காலனியில் எல்லாருக்கும் ஜெபம் பண்ண நேரம் நிறைய இருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது.

எங்களைப் பற்றி நீ கேள்விப்பட்டதெல்லாம் எனக்கும் தெரியும். பாஸ்டர் பெஞ்சமின் மிஷன் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் பின்வாங்கிப் போய்விட்டார், தான் கட்டின ஜெப வீட்டையும் ஜனங்களையும் அம்போவென்று விட்டுவிட்டு உத்திரமேரூரில் பழைய மிஷன் கோயிலில் போய் ஒட்டிக்கொண்டார், அந்தக் குடும்பத்தோடு அன்னம் தண்ணீர் புழங்கக் கூடாது. எல்லாம் டேனியல் மைக்கில் சொன்னது. நம் ஜெப வீட்டில் டிரம் வாசித்துக்கொண்டிருந்த அதே டேனியல்தான் இப்போது அங்கே பாஸ்டர். கெட்டவன் இல்லை, என் கையால் சோறு சாப்பிட்டவன்தான். ஆனால் பயந்துபோயிருக்கிறான். என் வீட்டுக்காரர் அங்கிருந்து வந்துவிட்ட பிறகு கூட்டம் கரைந்துவிடுமோ என்று அவனுக்குத் தூக்கமில்லை. அந்தப் பயத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான்.

உங்கள் பாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கப் போவதில்லை, நானே சொல்கிறேன். நன்றாக இருக்கிறார். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். பெந்தெகொஸ்தே மேடையில் அத்தனை வருஷம் நின்ற மனுஷன், இங்கே வெறும் உபதேசியார். குருப்பட்டம் வாங்கின ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப புத்தகத்தைப் பார்த்து வாசிக்கலாம், மணி அடிக்கலாம், வியாதியஸ்தரைப் போய்ப் பார்க்கலாம். நற்கருணை கொடுக்கக் கூடாது, அதற்கு இன்னும் படித்து வர வேண்டுமாம். சபையில் சேர்வதற்கே திடப்படுத்தல் எடுக்க வேண்டும் என்றார்கள். பிஷப் வந்த அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். முன்னாலும் பின்னாலும் மீசை முளைக்காத பையன்கள், நடுவில் நரைத்த தலையோடு இவர். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. இவரோ புது மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே முழங்கால் போட்டார். வீட்டுக்கு வந்து குழம்பை இன்னும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார்.

எனக்கு இன்னும் அந்தக் கோயில் ஒட்டவில்லை. ஆர்மோனியம் இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டால் கண்ணைச் சொக்குகிறது. எல்லாரும் எழுந்திருக்கும்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், நான் எழுந்தால் எல்லாரும் உட்காருகிறார்கள். என் ஜனம் காலனியில் இருக்கிறது, கை தட்டி அழுது பாடுகிற ஜனம். இதைச் சொல்லி இவரோடு சண்டை போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. 'இங்க யாரும் எங்கிட்ட அற்புதம் கேக்கல சுகி. இரங்கும் ஆண்டவரேன்னு எல்லாரோட சேந்து நானும் கேட்டுக்கினு நிக்கலாம். எனக்கு அது போதும்' என்றார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் நான் பார்க்காத நிம்மதி அது. அதைப் பார்த்து எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லப்பன் இவரைப் பார்த்திருக்கிறார். கலங்கல் பக்கத்தில் கழனி வைத்திருக்கிறாரே, உன் அம்மாகூட அவருக்கு நடவுக்குப் போவார்கள், அவர்தான். 'இன்னா பாஸ்டரே, உங்க ஜெகன் சம்சாரம் எங்க வரப்புல உயுந்து கெடந்துது. கண்ணு மேல சொருவிக்கினு, வாயில நொரை, கையி காலு வெட்டி வெட்டி இயுக்குது. தூக்கி இட்டாந்து வூட்ல வுட்டோம். கெயவி மயக்கம்ன்னு சொல்லுது. மயக்கம் வந்தவள நான் பாத்ததில்லையா? புள்ளத்தாச்சி பொண்ணு, இன்னான்னு பாருங்க' என்றாராம். வரப்புக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் நட்ட கழனியில் முழங்கால் தண்ணீர். புல் பக்கம் விழுந்திருக்கிறாள்.

இவர் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டார். வந்து சட்டையைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே சொன்னார். நாளைக்கு நான் காலனிக்குப் போகிறேன். போய்ப் பார்த்துவிட்டு மீதி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

போய் வந்தேன் ஜெகன். உன் அம்மா என்னை வாசற்படி தாண்ட விடவில்லை. செல்லம்மாள் அம்மாவுக்கு என் மேல் எத்தனை பிரியம் என்று உனக்குத் தெரியும், என்னைக் கேட்காமல் ஒரு புடவை எடுக்க மாட்டார்கள். இன்றைக்குக் கதவில் கையை வைத்து நின்றுகொண்டு, 'உங்க வூட்டுக்காரரு தொறந்து வுட்ட வாசல் வயியாத்தான் பிசாசு வந்து எம் மருமவள தள்ளுது. நீ உள்ள வராதம்மா. எம் புள்ள வெளிநாட்ல கீறான், வயித்துல ஒண்ணு கீது, எனுக்கு பயமா கீது' என்றார்கள். கோபத்தில் சொல்லவில்லை, கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்கள். நான் திரும்பிவிட்டேன்.

உன் ஷாரோனை அடிபம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருக்கிறது, அதன் மேல் பல் விளக்குகிற பேஸ்ட்டைத் தடவி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு அடுப்பில் கஞ்சி வடிக்கும்போது பட்டுவிட்டது என்றாள். பேச்சு குழறியது. வாயைத் திறக்கச் சொன்னேன், மாட்டேன் என்று சிரித்தாள். சிரித்தபோது பார்த்தேன், நாக்கின் ஓரம் கடிபட்டுப் புண்ணாயிருக்கிறது. உனக்கு வீடியோவில் பேசும்போது இடது கையைக் காட்டாமல் பேசியிருப்பாள். வாய்ப்புண் என்று சொல்லியிருப்பாள்.

அங்கே நடக்கப் போவதை அவளே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை டேனியல் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறான். வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். வியாழக்கிழமையிலிருந்து உபவாசம், சனிக்கிழமை முழு இரவு ஜெபம், தூங்காமல் அப்படியே பாடிக்கொண்டு ஏரிக்குப் போகிறார்கள். தண்ணீருக்குள் இறங்குகிற பெண்களைக் கைபிடித்து நிறுத்துவது யார்? ஷாரோன். மதகுப் படியில் இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்க வேண்டும். எல்லாருக்கும் முழுக்கு முடிந்ததும் தண்ணீரில் நின்றபடியே அவள் சாட்சி சொல்ல வேண்டும். வலிப்பு நோய்க்காரியாக வந்தேன், ஜெபத்தில் குணமானேன் என்கிற அந்தச் சாட்சி. அதைக் கேட்கத்தானே பாதிக் கூட்டம் வருகிறது.

இனி சொல்லப் போவதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் ஆள் இருந்தால் வெளியே போய்ப் படி.

உன் பெண்டாட்டி குணமாகவில்லை ஜெகன். அவளுக்கு வலிப்பு ஒரு நாளும் போகவில்லை. மாத்திரையில் அடங்கி இருந்தது. அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், நம் ஜெப வீட்டுக் கூட்டத்தில் உங்கள் பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவள் ஆவேசம் வந்த மாதிரி எழுந்து, இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எல்லார் முன்னாலும் கால்வாயில் வீசினாள். கூட்டம் அல்லேலூயா போட்டது. இவரும் போட்டார். வேண்டாம்மா, மாத்திரையை எடு என்று ஒரு வார்த்தை இவர் சொல்லவில்லை. அடுத்த வாரமே என் சமையலறையில் விழுந்தாள். நான் மட்டும்தான் பார்த்தேன். உறவுக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். அன்றிலிருந்து அது என் வீட்டில் உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. கல்யாணம் ஆகும் வரை, மாகறலிலிருந்து ஆராதனைக்கு வரும்போது ஒரு வாரத்துக்கு உண்டானதை மடித்துக் கொடுத்தனுப்புவேன்.

உன் வீட்டுக்கு வாழ வந்த பிறகு காலையிலும் சாயங்காலமும் அவள் ஜெப வீட்டைப் பெருக்க வருவாளே, நினைவிருக்கிறதா? ஊரே மெச்சும். நீயே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய், 'ஜெப வூட்ட பெருக்காம அவ பச்சத் தண்ணி பல்லுல ஊத்த மாட்டாக்கா' என்று. பெருக்கி முடித்து என் அடுப்படிக்கு வந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு போவாள். இவ்வளவுதான் விஷயம். அத்தனை நாளும் அவள் விழவில்லை. விழாததால் சாட்சி சொன்னாள், சாட்சியால் கூட்டம் சேர்ந்தது, ஓலைக் கொட்டகை ஷீட் கொட்டகை ஆனது. பெருநகர் கன்வென்ஷனில் அவள் சாட்சி சொன்னதைக் கேட்டுத்தானே நீயும் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாய்.

தப்புச் செய்துவிட்டேன் என்று நான் அழவில்லை. மறுபடியும் நேர்ந்தால் மறுபடியும் அதே டப்பாவில்தான் வைப்பேன். ஜெபித்தேன், மாத்திரையும் கொடுத்தேன். இரண்டும் ஒரே ஆண்டவர் கொடுத்தது என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டுமென்று அவள் துடித்தாள். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் பேசிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று உன் அம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, 'கர்த்தரு தொட்ட பொண்ணுன்றதாலதான் தேடிக்கினு வந்தோம், இல்லன்னா மாகறல் வரிக்கும் எங்களுக்கு இன்னா வேல' என்று சொன்னார்கள். அவள் வாய் அத்தோடு மூடிவிட்டது. திரும்பிப் போக அவளுக்கு இடம் ஏது? மாகறலில் இருப்பது சித்திதானே, அம்மாவா இருக்கிறாள்? உன்னிடம் சொல்லவே கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பாஸ்டருக்கும் அப்போது தெரியாது. நீ வெளிநாடு போன புதிதில் ஒரு நாள், ஊழியத்துக்குப் போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுப்படியில் ஷாரோன் தலையை நிமிர்த்தி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள், உளுந்து டப்பா என் கையில் திறந்திருந்தது.  எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், அப்படியே வெளியே போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஜனம் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாஸ்டரைக் காணோம். பஸ் ஏறி உத்திரமேரூர் வந்து மிஷன் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கையைப் புத்தகம் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் இருந்த ஒரு வயசானவர் தன் புத்தகத்தை இவர் பக்கம் நகர்த்தி, எந்த வரி என்று விரலால் காட்டினாராம். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன் என்று இவர் என்னிடம் சொன்னார். தன் கை பட்டு யாரும் குணமாக வேண்டியதில்லை, யாரோ காட்டுகிற வரியைத் தானும் வாசித்தால் போதும், அப்படி ஒரு இடம் இருக்கிறதே என்று சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போனார், ஒரேயடியாகப் போய்விட்டார்.

போவதற்கு முன்னால் சபையில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஷாரோனிடம் கேட்டார். அவள் காலில் விழுந்துவிட்டாள். சொன்னால் ஜெகன் என்னை வைத்துக்கொள்ள மாட்டான், என் பிள்ளைக்கு அப்பன் இருக்க மாட்டான் என்று கதறினாள். அதனால் இவர் காரணம் சொல்லாமல் வந்தார். சம்பளத்துக்குப் போனான் என்று டேனியல் மைக்கில் சொன்னபோதும், நாங்கள் சாமான் ஏற்றின அன்று காலனிப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் கூச்சல் போட்டு ஓடி வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அதெல்லாம் உன் பெண்டாட்டிக்காகக் கேட்டுக்கொண்டது.

இங்கே வந்த பிறகும் சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை உண்டானதை டாக்டரிடம் முன்பே சொல்லியிருந்தேன், அதற்கேற்ற மாதிரி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். பிறகு அவள் வருவது நின்றுபோனது. உன் அம்மாதான் வெளியே விடவில்லை என்று நினைத்திருந்தேன். இல்லை. இன்று அடிபம்பில் நின்று அவளே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நான் திருட்டுத்தனமா மாத்திர போட்டுக்கினு சாட்சி சொன்னேன் இல்லக்கா, அதுக்குத்தான் ஆண்டவரு பாஸ்டர எங்ககிட்ட இருந்து பிச்சி எட்த்துட்டாரு. மாத்திரய எல்லாம் ஏரில போட்டுட்டேன். இப்ப வர்றது கடைசி சோதன, தாங்கிக்கினேன்னா போய்டும். இந்த தபா நான் சொல்ற சாட்சி பொய்யா இருக்காதுக்கா.'

அவள் பித்துப் பிடித்துப் பேசவில்லை ஜெகன். தெளிவாக, நிதானமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். 

புதன்கிழமை.

ஆல்வின் பொழுது சாயக் கிளம்புகிறான், கை அவசரத்தில் எழுதுகிறேன்.

காலனியில் பிள்ளைத்தாய்ச்சிகளை வந்து பார்க்கிற அரசாங்க நர்ஸம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை அவர்கள் காலனிக்குப் போனார்கள். ஷாரோனே எதிரில் வந்து, எனக்கு வலிப்பெல்லாம் இல்லை, அது சின்ன வயசில் இருந்தது, ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளே இல்லை என்கிறபோது நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா வர முடியும் என்று நர்ஸம்மா என்னிடம் வருத்தப்பட்டார்கள். மறுபடியும் போகிறேன் என்றும் சொன்னார்கள்.

இவர் பதினோரு மணிக்குக் காலனிக்குப் போனார். நான் தடுக்கவில்லை. தான் கட்டின ஜெப வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாராம். உள்ளே கூட்டம். 'அந்தப் பொண்ணுக்கு சொகம் ஆவல. என் ஜெபத்துல ஆவல. நான் தோத்துட்டேன், என்ன இன்னா வேணாலும் சொல்லிக்கோங்க. அவள தண்ணில மட்டும் எறக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க' என்று கை கூப்பினாராம். மாத்திரை கொடுத்து வந்ததைச் சொல்லவில்லை. அவள் மானத்தை அப்போதும் காப்பாற்றினார். டேனியல் மைக்கை எடுத்து, பின்வாங்கினவன் தன் கண்ணால் பார்த்த அற்புதத்தையே மறுதலிக்கிறான் பாருங்கள் என்றான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஷாரோன் எழுந்து நின்றாளாம். இவரைப் பார்த்து, 'நான் சொகமாயிட்டேன் பாஸ்டர், நீங்கதான் விசுவாசத்த வுட்டுட்டீங்க' என்றாளாம். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததாம்.

திரும்பி வந்து நேரே கோயிலுக்குள் போனவர்தான், இன்னும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன், அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தனக்கு வீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெண் அங்கே வெளியில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று சொல்கிறார். அவர் சொல் அங்கே இனி எடுபடாது. என் சொல்லும் எடுபடாது. உன் அம்மா பயத்தில் இருக்கிறார்கள், டேனியல் பயத்தில் இருக்கிறான். இவர்களில் ஒருவரும் அவளைத் தண்ணீரிலிருந்து மேலே கூப்பிட மாட்டார்கள்.

மீதி இருப்பது நீ ஒருவன்தான். அவள் ஆண்டவருக்குப் பயந்து இதைச் செய்யவில்லை தம்பி, உன்னை இழந்துவிடுவோமோ என்று பயந்து செய்கிறாள். நீ குணமான பெண்ணைத்தானே கட்டினாய், அதனால் எப்படியாவது குணமாகிவிட வேண்டும் என்று பார்க்கிறாள்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஆத்திரம் பொங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். என் மேல் பொங்கட்டும். நீ லீவில் வந்து என் வீட்டு வாசலில் நின்று ஊர் கூட்டித் திட்டு, நான் கதவைச் சாத்த மாட்டேன். அவள் மேல் மட்டும் அந்த ஆத்திரத்தைக் காட்டாதே. இப்போது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கையில் கிடைத்ததும் கூப்பிடு. உபவாசத்தில் போன் கூடாது என்று அவள் போனை இப்போதே உன் அம்மா வாங்கி வைத்திருக்கிறார்கள், அதனால் அம்மாவைக் கூப்பிட்டு, அவளிடம் கொடுக்கச் சொல், கொடுத்துவிட்டு வெளியே போகச் சொல். நீ சொன்னால் உன் அம்மா தட்ட மாட்டார்கள். ஒரு தடவை எடுக்காவிட்டால் விடாதே, எடுக்கும் வரை கூப்பிடு. முதலில் ஏதாவது சாப்பிடச் சொல். ஏரிப் பக்கமே போகக் கூடாது என்று சொல். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வந்து காலனி முனையில் நிற்பேன், அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போவேன். மாத்திரை டாக்டர் சொன்னபடி கொடுப்பேன். என்னோடு பஸ் ஏறினால் போதும் என்று அவளிடம் சொல்.

ஏன் மறைத்தாய் என்று கேட்காதே. பொய்ச் சாட்சியா சொன்னாய் என்று கேட்காதே. அதையெல்லாம் கேட்கிற நாளை ஆண்டவர் உங்கள் இரண்டு பேருக்கும் கொடுக்கட்டும். இப்போது, 'எனுக்கு எல்லாம் தெரியும் ஷாரோன், நீ எப்டி கீறியோ அப்டியே இரு, எனுக்கு அது போதும்' என்று மட்டும் சொல். அவள் அழுவாள். அழுது முடிக்கிற வரை வைத்துவிடாதே.

கர்த்தர் உன் வாய்க்கு அந்த வார்த்தையைத் தருவாராக. நீ விமானத்திலிருந்து இறங்கி வருகிற அன்று உன் பிள்ளை அவள் இடுப்பில் இருக்க, உன்னைப் பார்த்து நைனா என்று கூப்பிட, நீ கேட்பாயாக.

இப்படிக்கு,
நீ ஒதுக்கி வைத்தாலும் உன் அக்காவாகவே இருக்கிற,
சுகிர்தா பெஞ்சமின்.